ஆட்டமிழந்தவனைத் திரும்ப அழைக்கும் தலைவர்



பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் காதர்பேட்டைச் சந்துகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி ஸ்டம்பாகும், எதிர்ச்சுவர் எல்லைக்கோடாகும், பூசைக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடே பையன்கள் கிரிக்கெட் ஆடத் தொடங்குவார்கள். சென்ற மாதம் அப்படியொரு ஆட்டம் நம் கோயில் வாசலுக்கு எதிரிலேயே சண்டையில் முடிந்தது. பந்து மட்டையில் பட்டதா, படவில்லையா என்று வாக்குவாதம். நடுவராக நின்ற சிறுவன் அவுட் என்றான். ஆடிக்கொண்டிருந்தவன் போகமாட்டேன் என்றான். மட்டை அவனுடையது, ஆகையால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஆட்டமும் அத்தோடு தீர்ந்தது.

மீதிப் பையன்கள் நியாயம் கேட்டு என்னிடம் வந்தார்கள். அவர்களில் மிகச் சிறியவன், "ஏனுங் சாமி, அவுட் குடுத்தா குடுத்ததுதானுங்களே? அப்புறம் திரும்பக் கூப்பிட முடியுமுங்களா?" என்றான். நான் பதில் சொல்லுமுன், கோயில் படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார். "அவுட்டானவனை யாரு தம்பி கூப்பிடப் போறாங்க?" என்றார்.

அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும். அவர் தெற்குச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்த தையற்காரர். பல வருஷங்களாகப் பூசை நேரத்தில் அந்தப் படியில்தான் உட்காருகிறார்; உள்ளே வருவதில்லை; திவ்விய நற்கருணை உட்கொள்வதில்லை. ஒருநாள் நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்னார்: "நான் அவுட்டான ஆளு சாமி. ஆண்டவருக்குக்கூட அவ்வளவு பயமில்ல. உள்ள வந்தா நம்ம சனங்க பார்க்கிற பார்வைக்குத்தான் பயம்." இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் கேட்ட வார்த்தை அல்ல, வாசற்படியில் கேட்டது. இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றார்.

சிறுவனின் கேள்விக்கும் அந்தப் பெரியவரின் சிரிப்புக்கும் சேர்த்து இந்த வாரப் பாடத்தில் பதில் சொல்ல விரும்புகிறேன். இருவருக்கும் பழக்கமான கிரிக்கெட்டிலிருந்தே பதிலை எடுக்கிறேன்.

1. ஒரு தலைவர் செய்த காரியம்

குண்டப்பா விஸ்வநாத் என்ற பெயரை நம் பங்கிலுள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்நாடகத்துப் பத்ராவதியில் பிறந்தவர், உருவத்தில் சிறியவர். 1975 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்திய அந்த இன்னிங்ஸில், இந்தியா எடுத்த 190 ரன்களில் 97 ரன்களை ஆட்டமிழக்காமல் தாம் ஒருவரே எடுத்தவர். அதனால் தமிழ்நாட்டார் அவரைத் தங்கள் பிள்ளையாகவே பாவித்தார்கள்.

அவர் இந்திய அணிக்கு இரண்டே டெஸ்ட் ஆட்டங்களில் தலைமை தாங்கினார். அவற்றில் இரண்டாவது, இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை முன்னிட்டு 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் இங்கிலாந்தோடு நடந்தது. பூரண சூரிய கிரகணத்தை முன்னிட்டு, முதல் நாள் ஆட்டத்துக்கு மறுநாளே ஓய்வுநாளாக விடப்பட்ட ஆட்டம் அது.

இந்தியா முதலில் ஆடி 242 ரன் எடுத்தது. இங்கிலாந்து 58 ரன்களுக்கே ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. அந்த இக்கட்டான நேரத்தில் இயன் போத்தமும் விக்கெட் கீப்பர் பாப் டெய்லரும் சேர்ந்து ஆடினார்கள். அப்போது டெய்லர் மட்டையில் பட்டு, விக்கெட் கீப்பர் கைக்குப் பந்து போனதாக இந்தியர் அவுட் கேட்டார்கள். நடுவரும் விரலை உயர்த்திவிட்டார். டெய்லர் தயங்கி நின்றார். பந்து மட்டையில் படவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் நடுவர் தீர்ப்புக்கு மேல் ஆட்டக்காரனுக்கு வழக்கு ஏது?

அப்போது அருகில் ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத் நடுவரிடம் போனார். பந்து படவில்லை என்று தமக்குத் தோன்றுவதாகவும், தங்கள் முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். நடுவர் சம்மதித்தார். டெய்லர் திரும்ப அழைக்கப்பட்டார்.

அதன் விளைவு என்ன? போத்தமும் டெய்லரும் ஆறாவது விக்கெட்டுக்கு 171 ரன் சேர்த்தார்கள். போத்தம் 114, டெய்லர் 43. இங்கிலாந்து 296 ரன் எடுத்தது. பிறகு இந்தியா 149 ரன்னில் சுருண்டது. போத்தம் அந்த ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. விஸ்வநாத்துக்கு மறுபடியும் டெஸ்டில் தலைமை தாங்கும் வாய்ப்பு வரவில்லை. ஆட்டக் கணக்கில் அவர் தோற்ற தலைவர். ஆயினும் ஐம்பது வருஷத்தை நெருங்கும் இந்நாளிலும், அந்த ஆட்டத்தைப் பேசுகிறவர்கள் போத்தத்தின் பெயரோடு விஸ்வநாத்தின் பெயரையும் மரியாதையோடு சொல்லுகிறார்கள்.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு முதல் பதில் இது: திரும்பக் கூப்பிட முடியும். கூப்பிட்டிருக்கிறார்கள்.

2. பிரியதத்தம் என்ற பழைய சொல்

நம் பாட்டிமார் சொன்ன பழைய மங்கள வார்த்தை செபத்தில், தேவமாதாவைக் குறித்துப் பிரியதத்தம் என்று ஒரு சொல் வரும். இன்று அதையே அருள் என்கிறோம். பிரியத்தினால் தத்தம் செய்யப்பட்டது, அதாவது அன்பினால் இலவசமாய்க் கொடுக்கப்பட்டது, என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியிலும் அருளைக் குறிக்கும் 'கிராத்சியா' என்னும் சொல்லுக்கும், இலவசம் என்று பொருள்படும் 'கிராத்திஸ்' என்னும் சொல்லுக்கும் வேர் ஒன்றே. கூலிக்கும் பிரியதத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் திருப்பூர்க்காரருக்கு எளிதில் விளங்கும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு எத்தனை உருப்படியோ அத்தனை காசு. சனிக்கிழமை கணக்குப் பார்த்து வாங்குவது அவருடைய உரிமை. அதற்காக முதலாளிக்கு அவர் கடன்பட்டவர் அல்ல. பிரியதத்தமோ கணக்கில் எழுதிக் கேட்க முடியாதது. கொடுப்பவர் மனதிலிருந்து மட்டுமே அது வரும்.

பம்பாயில் நடந்ததைக் கவனியுங்கள். டெய்லர் தம்மைத் தாமே திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. அவருடைய கூட்டாளி போத்தமும் அழைக்க முடியாது. அழைக்கும் அதிகாரம் எதிரணியின் தலைவருக்கு மட்டுமே உண்டு. யாருக்கு விரோதமாக ஆடுகிறோமோ அவரே நம்மை அழைத்தாலன்றி நாம் திரும்ப வழியில்லை. அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் போதிப்பதும் இதுதான்: நாம் நல்லவர்களான பிறகு சேசுநாதர் நமக்காக மரிக்கவில்லை; நாம் பாவிகளாய், சர்வேசுரனுக்கே சத்துருக்களாய் இருந்த காலத்தில் மரித்தார். முதல் அடியை எடுத்து வைத்தது நம் கால் அல்ல, அவருடைய கால்.

இதை மறுத்தவன் பெலாஜியுஸ். மனிதன் தன் சொந்தப் பலத்தினாலேயே நன்மை செய்து மோட்சம் சேரலாம் என்ற அவனுடைய போதகத்தை அர்ச். அகுஸ்தீன் எதிர்த்து எழுதினார். 418-ம் வருஷம் கார்த்தேஜ் நகரில் கூடிய சங்கம் அதைத் தள்ளியது. பெலாஜியுஸ் இறந்து பதினாறு நூற்றாண்டுகள் ஆகின்றன; ஆனால் அவனுடைய நினைப்பு நம் மனதில் இன்றும் உயிரோடிருக்கிறது. "முதலில் நான் திருந்துகிறேன், பிறகு கோயிலுக்கு வருகிறேன்" என்று சொல்லுகிறவர்கள், தம்மை அறியாமலே பெலாஜியுஸின் சீஷர்கள்.

அழைப்பு இலவசமென்றால், அதற்கு விலையே இல்லை என்று எண்ணவேண்டாம். அழைக்கப்பட்டவர் கொடுக்கவில்லை, அழைத்தவர் கொடுத்தார். விஸ்வநாத் கொடுத்த விலை ஓர் ஆட்டம். சேசுநாதர் கொடுத்த விலை கல்வாரி.

3. உவமை குறைபடும் இடம்

உவமை எவ்வளவு நல்லதாயினும் ஓரிடத்தில் நொண்டும். விஸ்வநாத்தின் உவமை எங்கே நொண்டுகிறது? டெய்லர் உண்மையில் அவுட் அல்ல. தவறு நடுவருடையது. விஸ்வநாத் செய்தது பெருந்தன்மை; ஆயினும் அது உண்மையை உண்மை என்று சொன்ன பெருந்தன்மை. நம் காரியம் அப்படியல்ல. நம்மேல் சர்வேசுரன் சொன்ன தீர்ப்பில் பிசகில்லை. நாம் மெய்யாகவே ஆட்டமிழந்தவர்கள். படியில் உட்கார்ந்திருக்கும் என் நண்பரும், "படவே இல்ல சாமி" என்று ஒருநாளும் வாதாடவில்லை. பட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஆகையால் இன்னொரு ஆட்டத்துக்குப் போவோம். இதை இளைஞர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2011 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம். இந்திய அணித் தலைவர் மகேந்திர சிங் தோனி. நம் சென்னை ஜனங்கள் 'தல' என்று கொண்டாடும் அதே தோனி. இங்கிலாந்தின் இயன் பெல் 137 ரன் எடுத்து ஆடிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளைக்கு முந்திய கடைசிப் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடியது. நான்கு ரன் போய்விட்டது என்று பெல் தாமே நினைத்துக்கொண்டு, கோட்டை விட்டு வெளியேறித் தேநீருக்கு நடக்கத் தொடங்கினார். ஆனால் பந்து எல்லையைத் தொடவில்லை. எறியப்பட்ட பந்தை வாங்கி, நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் அபினவ் முகுந்த் பெயில்களைத் தட்டினார். இந்தியர் அவுட் கேட்டார்கள். சட்டப்படி அது ரன் அவுட். நடுவர்களும் அப்படியே தீர்த்தார்கள். மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் இந்தியரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள்.

இங்கே நடுவர் தவறவில்லை, சட்டம் தவறவில்லை. தவறியவர் பெல். தாம் அப்படி நடந்தது புத்தியீனம் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். தேநீர் இடைவேளையில் இங்கிலாந்தின் தலைவர் ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் பிளவரும் இந்தியர் தங்கியிருந்த அறைக்குப் போய், பெல்லுக்காகப் பேசினார்கள். தோனி தம் அணியோடு கலந்துகொண்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றார். இடைவேளை முடிந்து பெல் மட்டையோடு திரும்ப வந்தபோது கூச்சல் ஆரவாரமாக மாறிற்று. பெல் 159 வரை எடுத்தார். இந்தியா 319 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ஆயினும் சர்வதேச கிரிக்கெட் சபை அந்த வருஷத்தில் விளையாட்டுப் பெருந்தன்மைக்கான விருதைத் தோனிக்கே வழங்கியது.

குற்றவாளிக்குக் கிடைத்த அழைப்பு இது. நமக்குக் கிடைத்திருப்பதும் இந்த வகை அழைப்புதான். ஒன்றை மட்டும் மறவாதேயுங்கள்: தோனி சட்டத்தைக் கிழித்தெறியவில்லை. நடுவரின் சம்மதத்தோடு தலைவர் தம் முறையீட்டைத் திரும்பப் பெறலாம் என்று சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதுபோல, சர்வேசுரனுடைய இரக்கம் அவருடைய நீதியைத் தள்ளிவிட்டு வரவில்லை. பாவத்தைப் பாவமல்ல என்று அவர் சொல்லவில்லை. பாவம் பாவமே, அதன் கடனைத் தம் திருக்குமாரனுடைய சிலுவையில் தீர்த்துவிட்டுப் பாவியை அழைக்கிறார். பெல்லுக்காகப் பரிந்துபேச இருவர் போனதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தேவமாதாவையும் அர்ச்சியசிஷ்டர்களையும் நோக்கி, எங்களுக்காக மன்றாடுங்கள் என்று நாம் கேட்பது வீண் பேச்சல்ல.

நம் தொழிலிலும் இதற்கு அடையாளம் உண்டு. செக்கிங் மேசையில் தையல் பிசகிய பீஸ் ஒன்று கண்ணில் பட்டால் அதில் அடையாளம் ஒட்டி, 'ஆல்டர்' என்று தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார்கள். அவர் பிசகிய தையலைப் பிரிக்கவேண்டும். பிறகு சரியாய்த் தைக்கவேண்டும். அப்புறம் அந்தப் பீஸ் மற்றவற்றோடு அதே பெட்டியில் ஏறும். பிரிப்பதுதான் பாவசங்கீர்த்தனம், மறுபடி தைப்பதுதான் திருந்தின நடக்கை. சரிப்படாதது செகண்ட்ஸ் என்று குறைந்த விலைக்குக் கடைவீதிக்கு வரும். சர்வேசுரனிடமோ, மனிதன் உயிரோடிருக்கும் மட்டும், செகண்ட்ஸ் என்று ஒரு குவியல் கிடையாது.

4. திரும்ப வந்தவன் ஆடவேண்டும்

டெய்லரை அழைத்தது பெவிலியனில் உட்காருவதற்கல்ல, ஆடுவதற்கு. அழைப்பு வந்தபிறகு அவர் மட்டையைப் பிடித்துக் களத்தில் நிற்கவேண்டியிருந்தது. வேகமாய் வரும் பந்துகளைத் தாங்கவேண்டியிருந்தது. அந்த 43 ரன் அவருடைய உழைப்பு. ஆனால் அழைப்பு வந்திராவிட்டால் அந்த உழைப்புக்கு இடமே இராது. இரண்டும் மெய். விஸ்வநாத் அழைத்ததால் டெய்லர் ஆடினார். டெய்லர் ஆடியதால் அழைப்பு பலன் கொடுத்தது.

1547 ஜனவரி 13-ந் தேதி திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் போதித்த சத்தியமும் இதுவே. மனிதன் நீதிமானாவதன் துவக்கம், அவனிடத்தில் எந்தப் பேறுபலனும் இல்லாதபோதே அவனை முந்திக்கொண்டு அழைக்கும் தேவ அருள். ஆயினும் மனிதன் உயிரற்ற பொருளைப்போல் இருப்பதில்லை. அந்த அழைப்புக்குச் சம்மதிக்கவும், அதோடு ஒத்துழைக்கவும், அதைத் தள்ளிவிடவுங்கூட அவனுக்குச் சுயாதீனம் உண்டு. நம் பழைய ஞானோபதேச வார்த்தையில் சொன்னால், உள்ளத்தைத் தூண்டுவதும் தாங்குவதும் உதவி வரப்பிரசாதம். ஆத்துமத்தில் தங்கி அதைத் தேவ பிள்ளையாக்குவது இஷ்டப்பிரசாதம். தூண்டுதலுக்குச் செவிகொடுப்பது நம் பங்கு.

அர்ச். சின்னப்பர் விளையாட்டை அறிந்தவர். அவர் சுவிசேஷம் போதித்த கொரிந்து நகரத்தின் அருகேதான் கிரேக்கரின் இஸ்த்மியப் பந்தயங்கள் நடந்தன. ஓடி வென்றவனுக்குக் கிடைத்தது இலையால் கட்டிய முடி. சில நாளில் வாடிப்போகும். அந்த வாடும் முடிக்காக ஓட்டக்காரன் உணவையும் உறக்கத்தையும் அடக்குகிறானே, வாடாத முடிக்காக நாம் எவ்வளவு அடங்கவேண்டும் என்று அவர் கொரிந்தியருக்கு நினைப்பூட்டினார். மன்னிப்பு இலவசம் என்பதால் பிரயாசை வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. திரும்ப அழைக்கப்பட்டவனே அதிக ஜாக்கிரதையாய் ஆடுவான். ஒரு தரம் கோட்டைவிட்டுத் தேநீருக்கு நடந்தவன் மறுதரம் பந்து எங்கே என்று பார்த்தபிறகே காலை எடுப்பான்.

5. கைதட்டும் ஜனம்

இனி, நம் எல்லாருக்கும் உரிய பகுதிக்கு வருகிறேன். படியில் இருப்பவர் பயப்படுவது ஆண்டவருக்கு அல்ல, நம் பார்வைக்கு என்றார் அல்லவா? அந்த வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்தது. உங்கள் தூக்கத்தையும் சற்றுக் கெடுக்கட்டும்.

1999 ஜனவரி 31, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது குருமடத்து மாணவன். சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள். நாங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இந்தியா வெல்ல 271 ரன் வேண்டும். முதுகு வலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ரன் எடுத்து அவுட்டானபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி. ஆனால் எஞ்சிய விக்கெட்டுகள் நான்கே ரன்னுக்குள் விழுந்தன. பன்னிரண்டு ரன் வித்தியாசத்தில் தோல்வி. எங்களில் சிலர் அழுதே விட்டார்கள்.

மைதானத்தில் ஒரு கணம் மௌனம். பிறகு சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாருக்கு? தங்களைத் தோற்கடித்த பாகிஸ்தானியருக்கு. வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்டக்காரரும் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு தேசங்களுக்கும் அன்றிருந்த மனக்கசப்பு எல்லாருக்கும் தெரியும். அதே வருஷம் கார்கிலில் போரும் மூண்டது. ஆயினும் தங்கள் நெஞ்சு நொந்திருந்த அந்த நாழிகையில் நம் தமிழ் ஜனங்கள் பிறர் சந்தோஷத்துக்கு இடங்கொடுத்தார்கள். எங்கள் அதிபர் சுவாமி அன்று இரவு செபத்தில் அந்தக் கைதட்டலுக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

இப்போது அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஊதாரிப் பிள்ளை திரும்பி வந்தான், வீட்டில் விருந்து. மூத்த மகன் வெளியே நின்றான். அவன் கெட்டவன் அல்ல. வேலை தவறாதவன், கட்டளை மீறாதவன். ஆனால் தம்பி திரும்பி வந்ததற்காக அவனால் கைதட்ட முடியவில்லை. விசித்திரத்தைப் பாருங்கள்: பாவம் செய்த இளையவன் வீட்டுக்குள், பாவம் செய்யாத மூத்தவன் வாசற்படியில்!

நம்மை நாமே கேட்போம். பல வருஷம் கோயிலுக்கு வராத ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? சற்று நகர்ந்து இடம் விடுகிறோமா, அல்லது பக்கத்திலிருப்பவரின் காதில் ஏதோ சொல்லுகிறோமா? குடியை விட்டவன் நன்மை வாங்கப் போகும்போது, "எத்தனை நாளைக்கோ பார்க்கலாம்" என்று முணுமுணுத்த உதடு நம்முடையதா? அவர்களை ஆண்டவர் அழைத்துவிட்டார். பார்வையாலே மறுபடி அவுட் கொடுக்கிற நடுவர் உத்தியோகத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்? பகைநாட்டானுக்கு எழுந்து நின்று கைதட்டிய ஜனம் நாம். சொந்தச் சகோதரனுக்கு ஒரு புன்னகையாவது கொடுக்கலாகாதா?

6. அடுத்த பந்துக்கு முன்

கடைசியாக ஒரு காரியம். இந்நாளில் நடைமுறையிலுள்ள கிரிக்கெட் சட்டப்படி, முறையீட்டைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு காலவரை உண்டு. அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருமுன் அது நடந்தாகவேண்டும். பந்து வந்துவிட்டால் எந்தத் தலைவரும், எவ்வளவு பெருந்தன்மை உள்ளவரானாலும், ஒன்றும் செய்ய இயலாது. பெல்லுக்குக் கிடைத்தது தேநீருக்கு விட்ட இருபது நிமிஷம். அதற்குள் எல்லாம் நடந்தது.

நமக்கு ஆயுசு என்பது அந்த இடைவேளைதான். அது இருபது நிமிஷமா, இருபது வருஷமா என்பது நம் கையில் இல்லை. ஆண்டவருடைய இரக்கம் குறைவதனால் அல்ல, நம் காலம் முடிவதனாலேயே கதவு அடைபடுகிறது. ஆகையால் நாளைக்கு என்று சொல்லவேண்டாம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, எவ்வளவு தாமதமாய் வந்தாலும் வாருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் விளக்கு எரியும், நான் இருப்பேன். பூட்டியிருந்தால் அறைக் கதவைத் தட்டுங்கள். அதற்காகத்தான் எனக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு வாசிக்க வினா விடை

வினா: தேவ அருள் என்றால் என்ன?
விடை: நம் பேறுபலனால் அல்ல, சேசுநாதருடைய பேறுபலனால் சர்வேசுரன் நமக்கு இலவசமாய்த் தருகிற கொடை.

வினா: அது இலவசமானால் நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லையா?
விடை: உண்டு. அழைப்புக்குச் சம்மதித்து, பாவத்துக்காக மனஸ்தாபப்பட்டு, திரும்ப வந்து நன்றாய் நடக்கவேண்டும். அதற்கான பலத்தையும் அவரே தருகிறார்.

வினா: திரும்பி வருகிற சகோதரனுக்கு நாம் செய்யவேண்டியது என்ன?
விடை: பழையதைக் கிளறாமல், இடம் விட்டு, சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்ளவேண்டும், ஏனெனில் நாமும் அழைக்கப்பட்டவர்களே.

வினா: மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவன் செய்யவேண்டியது என்ன?
விடை: வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டையைக் கொண்டுவரவேண்டும். மற்றவர்கள் அவனைக் கூப்பிடவேண்டும்.

படியில் உட்கார்ந்திருக்கும் என் சகோதரரே, இந்தத் தாளை நீங்களும் வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். வாரந்தோறும் பூசை முடிந்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுகிறீர்கள். அவுட்டானவனை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் சாய்ந்து உட்காரும் அந்தக் கதவுக்கு உள்ளே, பீடத்தின்மேல், கைகள் இரண்டையும் விரித்தபடி தொங்குகிறார். அவர் கூப்பிட்டு வெகு காலம் ஆயிற்று. வாசலிலிருந்து பீடம் வரை நடந்து வர அதிக நேரம் ஆகாது. ஜனங்களின் பார்வையைப்பற்றிக் கவலை வேண்டாம். அவர்களோடு நான் பேசிவிட்டேன்.

சேசுவின் திருஇருதயத்தில்,
உங்கள் பங்குச் சுவாமி